காப்பி வியாபாரி கோவையில் மில் கட்டிய கதை: யார் இந்த ராபர்ட் ஸ்டேன்ஸ்?

கொங்கு நாட்டு வீடுகளில் சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றாவது இருக்கும். கோடையில் மொட்டை மாடியில் விரித்துப் படுக்க, மார்கழியில் இழுத்துப் போர்த்திக்கொள்ள அதுதான் வசதி. நெய்தவர் சென்னிமலைத் தறிக்காரர். சரி, அந்தத் தறியில் ஓடிய நூல் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு நூல் மில்லிலிருந்து.

இன்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் போகிற இடமெல்லாம் மில் இருப்பதால், இது என்றைக்குமே இந்த மண்ணோடு இருந்தது மாதிரி தோன்றும். உண்மையில் கோவையின் முதல் நூல் மில் 1888ல்தான் தொடங்கப்பட்டது. அதில் ஓடிய இயந்திரம் மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தின் அமைப்பே இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தது. அதைக் கோவைக்குக் கொண்டுவந்தவர் துணி வியாபாரியும் அல்ல, இன்ஜினீயரும் அல்ல. காப்பிக் கொட்டை வியாபாரம் செய்தவர். பெயர் ராபர்ட் ஸ்டேன்ஸ்.

கோவையில் ஸ்டேன்ஸ் என்றால் இளைஞர்களுக்கு ஸ்கூல் ஞாபகம் வரும். பெரியவர்களுக்கு ஸ்டேன்ஸ் மில் ஞாபகம் வரும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே மனிதர்தான்.

மலையில் காப்பி, கீழே களம்

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1841ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1850களின் இறுதியில், இருபது வயதைத் தொடும் முன்பே, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். குன்னூர்ப் பக்கம் அவருடைய சகோதரர் தாமஸ் காப்பித் தோட்டம் வைத்திருந்தார். தாமஸின் முதல் எழுத்தோடுதான் டி. ஸ்டேன்ஸ் கம்பெனி 1861ல் கோவையில் தொடங்கியது.

மலையில் விளையும் காப்பிக்குக் கீழே கோவையில் என்ன வேலை? காரணம் ஈரம். பறித்த காப்பிப் பழத்தை உரித்துக் கழுவினாலும், கொட்டை நன்றாகக் காய்ந்தால்தான் கப்பல் பயணத்தைத் தாங்கும். மலையின் மூடுபனியில் அது சரியாகக் காயாது. வெயில் அடிக்கும் சமவெளிக்குக் கொண்டுவந்து, பெரிய களங்களில் பரப்பி, தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்ட வேண்டும். இதற்குத்தான் க்யூரிங் என்று பெயர். மலையடிவாரத்தில் வறண்ட காற்றோடு இருந்த கோவை இதற்குத் தோதான இடம்.

ரயிலும் அதே சமயத்தில் வந்தது. சென்னையையும் மேற்குக் கரையில் பேப்பூரையும் இணைத்த பாதை 1860களின் தொடக்கத்தில் போத்தனூர் வழியாகப் போனது. 1873ல் போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டார்கள்.

1862ல் ஸ்டேன்ஸ் கோவையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆரம்பத்தில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்கான பள்ளி. எல்லோருக்கும் கதவு திறந்தது வெகு காலம் கழித்துத்தான். 1866ல் கோவை நகராட்சி உருவானபோது அதன் முதல் தலைவரும் ஸ்டேன்ஸ்தான். அப்போது அவருக்கு வயது 25 வாக்கில். ஊரின் வியாபாரம், கல்வி, நிர்வாகம் மூன்றிலும் ஒரு வெள்ளைக்கார இளைஞர் முன்னால் நின்றார். காலனி ஆட்சியில் அது சாத்தியம். அதே வயது உள்ளூர்க்காரருக்கு அந்த வாசல் திறந்திருக்காது.

பஞ்சு இருந்தது, மில் இல்லை

கொங்கு நாட்டின் கரிசல் காட்டில் பருத்தி பல காலமாக விளைந்தது. உப்பம், நாடம் என்ற ரகங்கள் பிரசித்தம். இவை குட்டை இழைப் பஞ்சு. லங்காஷயர் இயந்திரங்களுக்கு நீள இழை பிடிக்கும் என்பதால், ராபர்ட் வைட் என்ற மருத்துவர், தாவரவியல் அறிஞரும்கூட, 1842 முதல் சுமார் பத்தாண்டுகள் கோவையில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் அரசுச் சோதனைகளை நடத்தினார். அன்றைக்குத் திட்டம் எளிமையானது. கோவையில் பஞ்சு விளைய வேண்டும், அது கப்பலேறி மான்செஸ்டருக்குப் போக வேண்டும். அங்கே நூலாகி இங்கே திரும்பி வரும், காசு கொடுத்து வாங்க வேண்டும்.

1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்து அந்நாட்டுப் பருத்தி நின்றுபோனதும், இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறியது. 1865ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் கோவை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. காப்பிக்கும் கெட்ட காலம். 1869ல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களிலும் பரவியது.

இதற்குள் பம்பாய் வேறு வழி காட்டிவிட்டது. காவஸ்ஜி தாவர் 1854ல் தொடங்கிய கம்பெனியோடு அங்கே மில்கள் பெருகின. சென்னையில் 1870களில் பக்கிங்காம் மில் வந்தது. 1880களில் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி அருவியின் வேகத்தில் மில் ஓட்டினார்கள். பஞ்சு விளையும் இடத்திலேயே நூற்றால் கப்பல் கூலி மிச்சம் என்ற கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. 1888ல், 47 வயதில், ஸ்டேன்ஸ் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லைத் தொடங்கினார். ஊர் அதை ஸ்டேன்ஸ் மில் என்றே கூப்பிட்டது.

லங்காஷயர் கட்டடம்: அப்படி என்ன விசேஷம்?

அந்தக் காலத்தில் இந்தியாவில் மில் கட்டுவது என்றால், இங்கிலாந்துக்கு ஆர்டர் போடுவதுதான் வழி. ஓல்டுஹாம் ஊரின் பிளாட் பிரதர்ஸ் மாதிரியான கம்பெனிகள் இயந்திரங்களை விற்றன. எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்ற வரைபடமும், பூட்டிக் கொடுக்க ஆட்களும் கூடவே வந்ததுண்டு. கட்டடம் என்பது இயந்திரத்துக்குப் போர்த்திய சட்டை மாதிரி. அளவெடுத்தது இயந்திரத்துக்கு, மனிதருக்கு அல்ல.

கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் பாய்லர், அதன் புகைக்கு உயரமான செங்கல் புகைபோக்கி. பக்கத்தில் ஒரே ஒரு பெரிய நீராவி இன்ஜின். அதன் சுழற்சி கயிறுகள் வழியாக நீண்ட இரும்புத் தண்டுகளுக்குப் போகும். அந்தத் தண்டு கூரைக்குக் கீழே கட்டடத்தின் நீளத்துக்கு ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் கீழே இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றும். மில் கட்டடம் நீளமாக, நேராக, தூண்கள் சம தூரத்தில் வரிசையாக இருப்பதன் ரகசியம் இதுதான். தண்டு வளையாது, அதனால் கட்டடமும் வளையாது.

தூண்கள் வார்ப்பிரும்பு. மெல்லியதாக இருந்தாலும் பாரம் தாங்கும், இடத்தை அடைக்காது. பஞ்சு பறக்கும் இடத்தில் மரத்தைவிட இரும்பும் செங்கல்லும் தீக்குப் பாதுகாப்பு என்பதும் ஒரு காரணம். ஒற்றை மாடிக் கூடங்களில் கூரை ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பார்த்த பக்கம் கண்ணாடி. நேர் வெயில் விழாமல், நிழல் விழாத சீரான வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட அந்த வெளிச்சம் வேண்டும்.

ஜப்பான் என்ன செய்தது?

வெளிநாட்டு மில்லை இறக்குமதி செய்தது நாம் மட்டும் இல்லை. ஜப்பானில் சட்சுமா பகுதியை ஆண்ட ஷிமாசு குடும்பம் 1867ல் ககோஷிமாவில் நூல் மில் திறந்தது. இயந்திரங்கள் அதே பிளாட் பிரதர்ஸ், பூட்ட வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் தங்கிய வீடு இன்றும் நிற்கிறது, யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது.

1872ல் அரசு டொமியோகாவில் பட்டு நூல் ஆலை கட்டியது. பொறுப்பேற்றவர் பால் புருனா, வரைபடம் போட்டவர் பாஸ்டியன். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் கட்டியவர்கள் ஜப்பானியத் தச்சர்கள். மரச் சட்டம் எழுப்பி நடுவில் செங்கல் நிரப்பினார்கள். செங்கல் சுட்டுப் பழக்கமில்லாத நாட்டில், கூரை ஓடு சுடுகிறவர்கள் செங்கல் சுடக் கற்றுக்கொண்டார்கள். மேலே ஜப்பானிய ஓடு. 1883ல் ஷிபுசாவா எய்ச்சியின் முயற்சியில் ஒசாகா நூற்பாலை ஓடத் தொடங்கியது. 10,500 கதிர்கள், நீராவி இன்ஜின். அதற்காக யமனோபே தகேயோ என்ற இளைஞர் லங்காஷயருக்கே போய் வேலை கற்று வந்தார்.

வித்தியாசம் இங்கதான் இருக்கு. ஜப்பானில் வெளிநாட்டுக்காரர்கள் சம்பளத்துக்கு வந்து, சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். முதலாளி ஜப்பானியர். கோவையில் முதல் மில்லின் முதலாளியே வெளிநாட்டுக்காரர். உள்ளூர்க்காரர் வாசலுக்கு உள்ளே போனது பெரும்பாலும் கூலியாகத்தான்.

கோவை வெயிலில் லங்காஷயர் கூரை

லங்காஷயரில் நூல் தொழில் செழித்ததற்கு அதன் ஈரக் காற்றும் ஒரு காரணம். காற்று காய்ந்தால் பஞ்சு இழை முறுகாமல் அறுந்துகொண்டே இருக்கும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் கைகொடுத்தது. ஆனாலும் மாசி, பங்குனியில் என்ன செய்வது? காப்பிக்கு எந்த வறட்சி வரமாக இருந்ததோ, அதே வறட்சி நூலுக்குச் சாபம். இப்படிப்பட்ட ஊர்களில் மில்களுக்குள் ஈரத்தைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருந்தது. ஜன்னலை மூடி, தரையை நனைத்து, நீராவி விட்டு ஈரம் ஏற்றுவார்கள். நூல் அறுபடாது. ஆனால் உள்ளே நிற்கிறவருக்கு வியர்வை காயாது, பஞ்சுத் தூசி மூச்சோடு போகும்.

கூரைக்கும் ஒரு சிக்கல் உண்டு. லங்காஷயரில் உச்சி வெயில் எப்போதும் தெற்கேயிருந்துதான் வரும். வடக்குக் கண்ணாடி வழியே அது நுழையவே நுழையாது. கோவை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இங்கே உச்சி வேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அதாவது, கூரை எந்தப் பக்கத்தை நம்பிக் கண்ணாடியைத் திறந்து வைத்ததோ அந்தப் பக்கமே வெயில் வரும். கோடை தகிக்கும் மாதத்தில் அந்தக் கூரை தன் வேலையைப் பாதிதான் செய்யும். நம் ஊர் வீட்டுக்குத் திண்ணை, தாழ்வாரம் எதற்கு என்று கொத்தனாருக்குத் தெரியும். மில் கூரையின் கணக்கு வேறு நாட்டில் போடப்பட்டது.

எரிபொருளும் லேசுப்பட்ட விஷயமில்லை. நிலக்கரிச் சுரங்கம் பக்கத்தில் இல்லாத ஊரில், பாய்லருக்கு ரயிலில் கரி வர வேண்டும், இல்லையென்றால் காட்டு விறகு எரிய வேண்டும். நீராவிக்குத் தண்ணீரும் வேண்டும். சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்ததோ 1930ஐ ஒட்டித்தான். அதற்கு முன் ஊரே குடிதண்ணீருக்கு அல்லாடியது. ஸ்டேன்ஸ் மில்லுக்குப் பிறகு கோவையில் அடுத்த மில் எழ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆனதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

கட்டடம் வைத்த கடிகாரம்

கண்ணாடிக் கூரை வெளிச்சத்தை மட்டும் தரவில்லை, வேலை நேரத்தையும் அதுதான் முடிவு செய்தது. மின்விளக்கு வராத காலத்தில் இந்திய மில்களில் விடிந்தால் வேலை தொடங்கும், இருட்டினால் முடியும். பகல் நீளும் மாதத்தில் வேலையும் நீளும்.

சட்டம் என்ன சொன்னது? 1881 தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 7 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வேலை வாங்கலாம் என்றும் அதே சட்டம் அனுமதித்தது. 1891ல் குறைந்தபட்ச வயது 9 ஆனது, பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு வந்தது. ஆண்களுக்கு வரம்பு வர 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் 12 மணி நேரம். மழையையும் மாட்டையும் பார்த்து நாள் கழித்த விவசாயக் கூலிக்குச் சங்கு ஊதி நேரம் சொன்ன முதல் இடம் மில்தான்.

ஒசாகா மில் 1886 வாக்கிலேயே மின்விளக்குப் போட்டு ராத்திரி ஷிப்ட் ஓட்டியது. வெளிச்சம் வந்தால் தொழிலாளிக்கு நல்லது என்று நினைத்தால் தப்பு. பம்பாயிலும் மின்விளக்கு வந்த பிறகு சில மில்களில் வேலை நேரம் கூடத்தான் செய்தது.

தறிக்குப் போன நூல்

மில் நூல் வந்ததில் அடி வாங்கியது கையால் நூற்றவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். நெசவாளர் கதை வேறு. கைநூலைவிட மில் நூல் சீரானது, அறுபடாதது. பாவு ஓடவும் ஊடை போடவும் தோது. சிட்டாவாக வந்த நூலை வாங்கிச் சாயம் தோய்த்துத் தறியில் ஏற்றினார்கள். முதலில் மான்செஸ்டர் நூல், பிறகு இந்திய மில் நூல். சென்னிமலை மாதிரி ஊர்களில் தறி பிழைத்தது. ஆனால் அதன் கடிவாளம் மில் வாசலுக்குப் போய்விட்டது. நூல் விலை ஏறினால் தறி நிற்கும் என்ற கவலை அன்று தொடங்கியது, இன்றும் தீரவில்லை.

இந்த இழுபறி ஒரு சென்னிமலைக்காரர் வாழ்க்கையில் அப்படியே தெரிகிறது. 1904ல் அங்கே நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் குமாரன். தறி வருமானம் போதாமல் திருப்பூருக்குப் போய்ப் பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். கதர் இயக்கத்தில் சேர்ந்தார். 1932 ஜனவரியில் தடியடிபட்டு, கொடியைப் பிடித்தபடி விழுந்து, உயிரை விட்டார். உலகம் அவரைத் திருப்பூர் குமரன் என்கிறது. தறி, மில், கதர் மூன்றும் 28 வயது முடிவதற்குள் ஒரே ஆளின் வாழ்க்கையில் வந்துபோயின.

புகைபோக்கி இல்லாத மில்

அதே 1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை மில் கட்டடத்தின் தலைவிதி மாறியது அப்போதுதான். மின்சாரம் வந்தால் பாய்லர் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், கரி வேண்டாம். இயந்திரத்துக்கு இயந்திரம் தனி மோட்டார் வைக்க வழி பிறந்ததும், கூரையடித் தண்டுக்கும் பெல்ட்டுக்கும் வேலை போயிற்று. கம்பி போகும் இடமெல்லாம் மில் போகலாம் என்றாகி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் மளமளவென்று மில்கள் எழுந்தன.

எழுப்பியவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஜி. குப்புசாமி நாயுடு 1910லேயே லட்சுமி மில்ஸ் தொடங்கியிருந்தார். பி.எஸ்.ஜி. குடும்பம் 1920களில் ரங்கவிலாஸ் மில்லோடு களத்தில் இறங்கியது. விவசாயமும் பஞ்சு வியாபாரமும் பார்த்து வந்த குடும்பங்களுக்கு மில் ஒன்றும் மந்திரமல்ல என்று தெரிந்துவிட்டது. ஜப்பான் இருபது ஆண்டில் செய்ததைச் செய்ய கோவைக்கு இரண்டு தலைமுறை பிடித்தது. 1933ல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனையே முந்தியது. லங்காஷயரின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

ஸ்டேன்ஸ் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தார். முதுமையில் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1922ல் நீலகிரித் தேயிலைக்காக யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ் கம்பெனியைத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். 1936ல் காலமானார். அவர் வந்தபோது கோவைக்கு ரயில்கூட இல்லை. போனபோது அது மின்சாரத்தில் ஓடும் மில் நகரம். ஊருக்கு முதல் மில் கொடுத்தவர் அவர் என்பது உண்மை. அந்த ஊரை மில் நகரமாக்கியவர்கள் அவருக்குப் பின் வந்தவர்களும், ஷிப்ட் ஷிப்டாக நின்ற தொழிலாளர்களும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இன்று என்ன மிச்சம்?

1962ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு கைகோத்து லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் கோவையில் தொடங்கியது. ஓல்டுஹாமிலிருந்து கப்பலில் வந்த இயந்திரத்தை இங்கேயே செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அளவுக்கு ஊர் வளர்ந்தது. அவினாசி சாலையில் லட்சுமி மில்ஸ் வளாகத்தில் இன்று கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. வார இறுதியில் அங்கே காப்பி குடிக்கிறவர்கள் அதிகம்.

எல்லா மில்லுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நலிந்த மில்களை 1974ல் மத்திய அரசு தேசியமயமாக்கி, தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கீழ் கொண்டுவந்தது. கோவையில் அந்தக் கழகம் நடத்தி வந்த ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் பல முறை போராடிவிட்டார்கள்.

ஜப்பான் டொமியோகாவை 2014ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அங்கே நூற்ற பெண்களின் பெயர்களும் குறிப்புகளும் ஆலையோடு சேர்த்துப் பாதுகாக்கப்படுகின்றன. கோவையில் பழைய மில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சென்ட் விலைதான். ஒரு மில்லை இடிக்கும் முன் அதன் தூண் வரிசையை அளந்து, கூரையைப் படமெடுத்து, உள்ளே வேலை பார்த்தவர்களிடம் பேசிப் பதிவு செய்ய அதிகச் செலவு ஆகாது. அந்தக் கூரைக்குக் கீழே நின்றவர்களில் பலர் இன்னும் சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.